மூன்றாவதாக நான்கு விநாடி

அம்மா பொத்தானை அழுத்தியதும் பெட்டி வழக்கம்போல இரண்டு பேரைச் சொன்னது. "நாந்தான், ஆறுமுகத்தாய்" என்று அம்மாவின் குரலில் ஒன்று. பிறகு, ஆபீசில் யாரோ பெயர் கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல் விறைப்பாக, "லதா" என்று பிரேமலதாவின் குரல். அதோடு நிற்க வேண்டும். நிற்கவில்லை. மூன்றாவதாக ஒரு சத்தம் வந்தது. பேச்சு இல்லை. துருப்பிடித்த இரும்பு ஒரு ஆளின் கனத்தில் கீச்சிட்டு அடங்கும் சத்தம். அதன் பின்னாலேயே ரப்பர் செருப்பொன்று தேய்ந்து தேய்ந்து விழும் சத்தம். நான்கு விநாடி. பிறகு பெட்டி ஓய்ந்துவிட்டது.

லதா கையில் பால் பாக்கெட்டோடு அப்படியே நின்றாள். கீழே ஜமால் பாயின் பட்டறையில் பை தைக்கிற மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ரெக்ஸின் பசையின் வாடை பலகைத் தரையின் இடுக்குகள் வழியாக மேலே ஏறி, ஈரத் துணி வாடையோடு கலந்து அறைக்குள் சுற்றியது.

"ஏட்டி, யாரு எறங்குதா?" என்றாள் அம்மா.

"யாரும் இல்லம்மா. பெட்டிதான்."

"மூணாம் படியில்லா அது?"

மூன்றாம் படிதான். தாராவியில் அவர்கள் குடியிருக்கும் மேல் அறைக்கு வெளியிலிருந்து ஓர் இரும்பு ஏணிதான் வழி. மேலிருந்து எண்ணினால் மூன்றாம் படியில் பற்றவைத்த இடம் விட்டுப்போய், மிதித்தால் கீச்சிடும். கண் போன பிறகு அம்மாவுக்கு அந்தப் படிதான் வாசல்மணி. லதா எட்டி வெளியே பார்த்தாள். ஏணியில் மழைத்தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. யாரும் இல்லை.

அந்தப் பெட்டி லதா செய்தது. செம்பூரில் அவள் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி, லிஃப்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் பேசுகிற பெட்டிகள் செய்தது. தொட்டி நிறைந்தால் ஒரு பெண்குரல், "டங்கி பர் கயீ ஹை, மோட்டர் பந்த் கீஜியே" என்று, மோட்டாரை நிறுத்தும்படி கட்டிடம் முழுக்கக் கேட்கச் சொல்லும். அதற்குள் ஓடும் புரோகிராமை சி மொழியில் எழுதுவது லதாவின் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் அம்மாவுக்கு மிச்சமிருந்த பார்வையும் மங்கியபோது, ஒதுக்கிப்போட்ட பலகை ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து, டிஃபன் டப்பா அளவில் வீட்டுக்கு ஒன்று செய்தாள். ஏணி முகப்பில் மூன்று சுவிட்ச். வந்ததும் தன் சுவிட்சை மேலே தள்ள வேண்டும், போகும்போது கீழே. அம்மா பொத்தானை அழுத்தினால் யார் யார் உள்ளே இருக்கிறார்களோ அவரவர் குரலிலேயே பெட்டி சொல்லும். ஆளுக்கு நான்கு விநாடிதான் இடம்.

தம்பி பேச்சிராஜா தன் நான்கு விநாடியில், "நாந்தாம்மா, ராசா, டேங்க் நெறஞ்சிருச்சு, அக்கா கத்தப் போறா, ஓடிரு" என்று ஒரே மூச்சில் பேசி வைத்தான். வீட்டில் லதாவுக்குக் கோபம் வந்தால் அவன் அந்தத் தொட்டிக் குரலில்தான் கேலி செய்வான். தன் போனில் அக்கா கூப்பிட்டால் அடிப்பதற்கும் அதையேதான் வைத்திருந்தான்.

ஜூன் மாதம் பதினேழாம் தேதி காலை, குர்லாவுக்கும் வித்யாவிஹாருக்கும் நடுவில் ஓடுகிற ரயிலிலிருந்து ராசா விழுந்தான். லதா அவனுடைய இடது காலை வைத்துத்தான் அடையாளம் சொன்னாள்.

பதினாறாம் நாள் வந்த சொந்தக்காரர்களில் யாரோ, இனி எதற்கு என்று ராசாவின் சுவிட்சைப் பிடுங்கி எடுத்துவிட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். அறுந்த கம்பியைப் பெட்டி, ஆள் உள்ளே இருப்பதாக எடுத்துக்கொண்டது. அன்று சாயங்காலம் அம்மா பழக்கத்தில் பொத்தானை அழுத்த, எல்லாருக்கும் நடுவில் "நாந்தாம்மா, ராசா" என்று அவன் சிரித்தான். அம்மா போட்ட சத்தத்தில் கீழே மிஷின்கள் நின்றன.

எல்லாரும் போன பிறகு லதா லேப்டாப்பைத் திறந்தாள். மூன்று பேரும் உள்ளே இருக்கும்போது ஓடுகிற வரி அது. முதலில் எத்தனை பேர் என்று ஓர் எண். பிறகு வரிசையாகப் பெயர்கள். வரியிலிருந்து ராசா என்ற சொல்லை அழித்தாள். முன்னால் இருந்த 3 என்ற எண்ணை 2 ஆக்க வேண்டும். விரல் அதன்மேல் போய் நின்றது. 'நீ இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டாலும் ஒண்ணுதான்.' அன்று காலை ராசாவிடம் அவள் கடைசியாகச் சொன்னது அது. அம்மாவுக்குக் கண்ணில் விடுகிற சொட்டு மருந்தை முந்தின நாள் அவன் விட மறந்திருந்தான். அதைக் கேட்டதும் அவன் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். போயிட்டு வாறேன் என்று சொல்லாமல் அந்த வீட்டில் யாரும் படி இறங்கியதில்லை. சொன்னால் அம்மா இருந்த இடத்திலிருந்து கையைத் தூக்கி, போயிட்டு வா என்பாள். அன்று அவன் சொல்லவில்லை. அதனால் அம்மாவும் சொல்லவில்லை.

விரலை எடுத்துக்கொண்டாள். மூன்று மூன்றாகவே கிடந்தது. அப்படியே பெட்டியில் ஏற்றினாள்.

மூன்றாவது சத்தம் வந்தது அதற்கு அடுத்த நாள் மாலை.

மறுநாள் செம்பூர் ஆபீசில் சாப்பாட்டு வேளையில் அந்த வரியை வானமாமலை சாரிடம் காட்டினாள். மாட்டுங்காவிலிருந்து முப்பது வருஷமாக ஒரே டிஃபன் கேரியரோடு வந்துபோகிறவர். இந்த மொழியை அங்கே அவர் அளவு அறிந்தவர் இல்லை. வீட்டில் சும்மா செய்த பெட்டி, கடைசியில் ஏதோ குப்பைச் சத்தம் வருகிறது என்று மட்டும் சொன்னாள்.

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "வராம என்ன செய்யும்? மூணுன்னு சொல்லிட்டு ரெண்டு குடுத்திருக்கியே. இந்த மாதிரி ஃபங்ஷனுக்கு எத்தனை வரதுன்னு தானாத் தெரியாதும்மா. அதுக்குக் கண்ணே கிடையாது. கூப்பிடறவன் சொல்ற எண்ணை நம்பி, ஒவ்வொண்ணாத் தடவித் தடவி எடுத்துண்டு போகும். ரெண்டு எடுத்தாச்சு. மூணாவதுக்குக் கையை நீட்டறது. அங்க என்ன கிடக்கோ அது கையில வரும்."

"எழுதினதச் சரிபாக்கற கம்பைலர் ஒண்ணுமே சொல்லலியே சார்."

"அது ஏன் சொல்றது? மூணு பேர் வரான்னு நீ இலை போட்டுட்டே. மூணாவது இலைல நாய் வந்து உக்காந்தா நாயைத் திட்டுவியா?" சிரித்தார். பிறகு இன்னும் கொஞ்சம் குனிந்தார். "முடிக்கற வரியையும் காணோமே. ஆரம்பிக்க வி.ஏ. ஸ்டார்ட் எழுதியிருக்கே, எடுக்க வி.ஏ. ஆர்க் இருக்கு, வி.ஏ. எண்ட் எங்கே? ஒண்ணும் ஆகாதுன்னு எல்லாரும் விட்டுடறா. நானும் விட்டிருக்கேன். ஆனா எழுதணும். அது பாட்டுக்கு நடந்துண்டே இருக்கப்படாதில்லையா?"

"அந்த மூணாவது இடத்துல இருக்கறது... அது எதுவா சார் இருக்கும்?"

"நம்மளோட இல்லாத இடம் அது. யாரோடதுன்னு கேக்கப்படாது." அப்போதுதான் அவர் கண் மிச்சமிருந்த இரண்டு பெயர்கள் மேல் விழுந்தது. கண்ணாடியை மெதுவாக இறக்கிக்கொண்டார். "நான் மாத்தித் தரட்டுமா குழந்தே?"

"வேண்டாம் சார். நானே மாத்திக்கறேன்."

மாற்றவில்லை. அன்று மாலை பெட்டி இரண்டு பெயருக்குப் பிறகு வேறு நான்கு விநாடியைத் தந்தது. சந்து முனைக் குழாய். பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம், யாரோ ஒரு பெண், "ஏ பாயீ, லைன் மே ஆவோ" என்று இன்னொருத்தியை வரிசைக்கு வரச் சொல்லிக் கத்துவது, அதற்குள்ளே அந்தச் செருப்பு. இடது கால் சற்றுத் தேயும். வலது கால் டக் என்று விழும். பத்து வயதில் ஏணியிலிருந்து விழுந்ததிலிருந்து ராசாவின் நடை அது. லதா திரும்பவும் அழுத்தினாள். அதே குழாய். எத்தனை முறை அழுத்தினாலும் அதேதான். பெட்டியில் இருப்பது மூன்று பதிவுதான் என்று அவளுக்குத் தெரியும். லேப்டாப்பை மாட்டிப் பார்த்தாள். மூன்றுதான். குழாயும் இல்லை, குடமும் இல்லை.

மூன்றாம் நாள் மிஷின்களின் இரைச்சல் வந்தது. அதை மீறி, "ராசா, பிரேக் புடிக்காத வண்டி மாதிரி போறியே, டிஃபன் எடுத்தியா இல்லியா?" என்று ஜமால் பாயின் குரல்.

லதா படியிறங்கிப் பட்டறைக்குப் போனாள். ஜமால் பாய் பள்ளிக்கூடப் பைகளின் வாரை வெட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், அன்னைக்குக் காலையில ராசாகிட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

"எந்தக் காலையிலம்மா?" என்றவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கத்தரியைக் கீழே வைத்தார். "என்ன சொன்னேன்... பிரேக் புடிக்காத வண்டி மாதிரி போறியேன்னு கேலி பண்ணேன். டிஃபன் எடுத்தியான்னு கேட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல. ஏம்மா, இப்ப எதுக்கு அது? மனச விட்டுராத தங்கச்சி." மாமூலாகச் சிரிக்கிற அவர் கண் கலங்கியிருந்தது. பின்னால் பைகளுக்கு ஜிப் கோத்துக்கொண்டிருந்த அவர் தம்பி தாஹிர் தலையை நிமிர்த்தவே இல்லை. தாஹிரும் ராசாவும் தினமும் ஒரே ரயிலில் போவார்கள். அன்றும் போனார்கள். 'கூட்டம்க்கா, நான் உள்ள மாட்டிக்கிட்டேன், ஒண்ணும் பாக்கல' என்று போலீசிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னான். அதற்குப் பிறகு அவள் எதிரே வந்தால் சந்து மாறிப் போனான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பெட்டி அந்தக் காலையில் நடந்துகொண்டிருந்தது. ஒரு மாலைக்கு நான்கு விநாடி. ஏணி, குழாய், பட்டறை. இனித் தொண்ணூறடி ரோடு, சயான், பிளாட்பாரம், ரயில். அதற்குப் பிறகு.

அவனுடைய கடைசி நிமிஷம் பற்றி அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ஒன்பது இருபதுக்கு அவள் செம்பூர் பஸ்ஸில் நின்றுகொண்டே அவனைக் கூப்பிட்டாள். சொன்னது தப்பு என்று சொல்லத்தான். மூன்று முறை மணி அடித்து நின்றது. அவன் துண்டித்துவிட்டான். அவ்வளவு கோபம். அவ்வளவு வெறுத்துப்போய்தான் அவன் அந்தக் கதவோரம் நின்றிருக்கிறான். விழுந்தானா, விட்டுவிட்டானா? அன்றிலிருந்து அந்தக் கேள்வியோடுதான் அவள் படுத்து எழுந்தாள். பதில் சொல்ல ஒருவரும் இல்லை. பெட்டி சொல்லும்போல் இருந்தது.

"நிறுத்திரு லதா," என்றாள் அம்மா, ஐந்தாம் நாள். சுவரில் சாய்ந்து, கால் இரண்டையும் நீட்டி, மடியில் கையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொத்தானை அவள் இப்போதெல்லாம் அழுத்துவதில்லை. லதாதான் ஆபீசிலிருந்து வந்து, குடையை ஆணியில் மாட்டி, சுவிட்சைத் தள்ளிவிட்டு, முகம்கூடக் கழுவாமல் போய் அழுத்தினாள்.

"இன்னும் கொஞ்சம்தாம்மா."

"என்னத்தக் கொஞ்சம்? புள்ள போறான். போறவனப் பின்னாலயே போயிக் கேக்கக் கூடாது. அவன் போட்டும்."

"நீ அவன் சத்தத்தக் கேக்க வேண்டாமா?"

அம்மா நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள். பிறகு, "கேட்டுக்கிட்டுத்தாம்ட்டி இருக்கேன். வெரசாப் போறான். என்னைக்கும் இம்புட்டு வெரசாப் போக மாட்டான்" என்றாள்.

சயான் பாலத்தின் படிகள் வந்தன. நூறு கால்களுக்கு நடுவே அந்த ஒரு கால். தண்டவாளத்தின் ஈர இரும்பு வாடை அறைக்குள் அடித்ததாக லதாவுக்குத் தோன்றிய நாளில், ஒலிபெருக்கி மராத்தியில் ஏதோ அறிவித்தது. ஒன்பதாம் நாள் பிளாட்பாரம். "ஏய், இன்னைக்கு என்ன மூஞ்சி?" என்று தாஹிர் கேட்டான். அதற்கு மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும். அழுதிருக்கிறான். லதா பெட்டியின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அதையே முப்பது தடவை கேட்டாள். பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது. ஓடும் பலகை சூடாகும், அது இயல்பு என்று அவளுக்குத் தெரியும். ஆனால் வெதுவெதுப்பு ஒரே பக்கத்தில்தான் இருந்தது. கன்னம் வைத்த பக்கத்தில்.

பத்தாம் நாள் ரயில். திறந்த கதவின் காற்று. கம்பியில் மோதிரம் தட்டுகிற சத்தம். அவன் எப்போதும் அப்படித் தட்டிக்கொண்டு நிற்பான். குர்லா போய்விட்டது என்று தெரிந்தது, ஏனென்றால் காற்றின் இரைச்சல் கூடிக்கொண்டே போனது. நான்கு விநாடி முடிந்தது.

அன்று அவள் தூங்கவில்லை. எண்ணை இப்போதே மாற்றிவிடலாம். ஒரு விரல் வேலை. கேட்காமலே இருந்துவிடலாம். அம்மாவின் மூச்சு இருட்டில் ஒரே சீராக வந்தது. அது தூங்குகிறவளின் மூச்சு இல்லை என்று லதாவுக்குத் தெரிந்தது.

பதினோராம் நாள் சனிக்கிழமை. மழை பிடித்துக்கொண்டதால் ஆறு மணிக்கே அறை இருண்டுவிட்டது. லதா விளக்கைப் போட்டாள். அம்மா எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நானும் இருக்கேன். அழுத்து."

அழுத்தினாள்.

"நாந்தான், ஆறுமுகத்தாய்."

"லதா."

காற்று. சக்கரங்கள். மோதிரம் கம்பியில். டிக். டிக்.

பிறகு, அந்தக் காற்றுக்கு நடுவில், ஒரு பெண்குரல். "டங்கி பர் கயீ ஹை..."

அவளுடைய அழைப்பு.

ராசா சிரித்தான். மூக்கடைத்த, அழுது ஓய்ந்த சிரிப்பு. "அக்காடா! கோவம் போயிருச்சு போல. இந்தா, பையப் புடி..."

மோதிரத்தின் சத்தம் நின்றது. கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் போனை எடுக்கிறான். யாரோ தள்ளுகிறார்கள். "மோட்டர் பந்த்..."

அவ்வளவுதான்.

லதாவின் வாய் திறந்திருந்தது. அம்மாவின் கை அவள் கையைத் தேடி வந்து, பிடித்து, இறுக்கியது.

அவன் விட்டுவிடவில்லை. அவன் துண்டிக்கவும் இல்லை.

அவள் கூப்பிட்டாள். அதற்காகத்தான் கையை விட்டான்.

எப்படி இறங்கினாள் என்று தெரியாது. பட்டறையில் தாஹிர் தனியாக ஜிப் கோத்துக்கொண்டிருந்தான். லதா மழையில் நனைந்தபடி வாசலில் நின்றாள். "போன் அடிச்சுதா தாஹிர்? நான் கூப்பிட்டது கேட்டுச்சா?" என்று மட்டும் கேட்டாள். அவன் கையிலிருந்த ஜிப் தரையில் விழுந்தது. அவன் முகத்தை மூடிக்கொண்டு, தைத்து வைத்த பைகளின் குவியல்மேல் சரிந்தான்.

"சொல்லக் கூடாதுன்னு நெனச்சேன்க்கா," என்றான் வெகுநேரம் கழித்து. "அல்லா மேல சத்தியமா, உங்களுக்குத் தெரியவே கூடாதுன்னுதான் சந்து மாறிப் போனேன். சந்தோசமா எடுத்தான்க்கா. பையக் கூட என் கையில குடுத்துட்டான்."

மேலே வந்து தலையைக்கூடத் துவட்டாமல் லேப்டாப்பைத் திறந்தாள். 3 என்ற எண் அங்கேயே இருந்தது. அழித்தாள். 2 என்று போட்டாள். பிறகு, எல்லாரும் விட்டுவிடுகிற, ஒன்றும் ஆகாத அந்தக் கடைசி வரியையும் எழுதினாள். வி.ஏ. எண்ட். நான்கு முறை சரிபார்த்தாள். இரண்டு என்று சொல்லியிருக்கிறாள். இரண்டு கொடுத்திருக்கிறாள். முடித்திருக்கிறாள். பெட்டியில் ஏற்றி அழுத்தினாள்.

"நாந்தான், ஆறுமுகத்தாய்."

"லதா."

அதன் பிறகு மழை மட்டும் கேட்டது. தகரத்தில் மழை. கீழே ஒரு மிஷின் ஓடத் தொடங்கி, நூல் அறுந்து நின்றது.

"போயிட்டானா?" என்றாள் அம்மா.

"போயிட்டாம்மா."

"நல்லாப் போட்டும்." அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு நான் போயிட்டு வான்னு சொல்லல, பாத்துக்க. அவன் கோவத்துல போறான், சாயங்காலம் வந்ததும் கேட்டுக்கிடலாம்னு வாய மூடிட்டு இருந்துட்டேன். ஒரு வார்த்த. இனிமே இந்தப் படியில யாரு எறங்குனாலும் சொல்லிப்புடுவேன். கோவமோ தாபமோ, சொல்லிப்புடுவேன்."

"நான் கூப்பிடாம இருந்திருந்தா..." என்று லதா ஆரம்பித்தாள். அம்மா அவள் வாயைக் கையால் மூடினாள். அந்தக் கையில் சொட்டு மருந்தின் கசந்த வாடை இருந்தது. இருவரும் அப்படியே, சாப்பிடாமல், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை நாளுக்குப் பிறகு லதாவுக்கு அழுகை வந்தது. அழுது முடித்ததும் ராசா செத்துப்போனான் என்பது அவளுக்குள் முதல் தடவையாக உட்கார்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெட்டி இரண்டு பேரைச் சொன்னது. அதோடு நின்றது.

திங்கட்கிழமை மாலை லதா ஆபீஸ் முடிந்து வந்தாள். சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர். ஜமால் பாய் பட்டறை வாசலில் மணல்மூட்டை போட்டுக்கொண்டே, "என்ன தங்கச்சி, படகுல வந்தியா?" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. குடையை மடக்கி, ஏணிக் கம்பியில் அதன் இரும்பு நுனியால் ஒரு படிக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே ஏறினாள். சின்ன வயதிலிருந்தே அது அவள் பழக்கம். ஏறும்போதும் இறங்கும்போதும். மூன்றாம் படி கீச்சிட்டது. உள்ளே போய் குடையை ஆணியில் மாட்டினாள். சுவிட்சை மேலே தள்ளினாள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரக் காலோடு, சத்தமில்லாமல் அம்மாவின் அருகே வந்தாள்.

அம்மா இன்று தலை வாரி, வெளுத்த சேலை கட்டியிருந்தாள். பல நாளுக்குப் பிறகு தானே கையை நீட்டிப் பொத்தானைத் தடவி அழுத்தினாள்.

"நாந்தான், ஆறுமுகத்தாய்."

அடுத்ததாக அவள் பெயர் வர வேண்டும்.

வரவில்லை. ஒரு மூச்சு அளவு இடைவெளி.

பிறகு, இரும்பில் இரும்பு நுனி தட்டும் சத்தம். டங்.

ஒரு படி.

டங்.

மூன்றாம் படி கீச்சிட்டது.

லதா ஆணியைப் பார்த்தாள். குடை அங்கேதான் தொங்கியது. நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஏணியில் யாரும் இல்லை. பெட்டிக்குள் அவளுடைய குடை கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மழை இல்லாத ஒரு பொழுதில். காக்கைகள் கரையும், எங்கோ பால்காரன் மணி அடிக்கும் ஒரு காலையில். எந்தக் காலை என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு காலை இன்னும் வந்திருக்கவில்லை.

இரண்டு என்றுதான் எழுதியிருந்தாள். இரண்டுதான் கொடுத்திருந்தாள். முடித்தும் இருந்தாள்.

நான்கு விநாடி முடிந்தது.

ராசாவுக்குப் பதினொரு மாலை. தனக்கு எத்தனை என்று அவள் எழுதிய எந்த வரியிலும் இல்லை.

அம்மா முகத்தை ஏணிப் பக்கம் திருப்பியிருந்தாள். கண் தெரியாத அந்த முகம் சத்தம் போன திசையிலேயே நின்றது. "ஏட்டி லதா, இப்பத்தான வந்த, அதுக்குள்ள எங்க எறங்குத?" என்றாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு அவள் உதட்டில், ஒரு தப்பைச் சரிசெய்ய வாய்ப்புக் கிடைத்தவளின் சின்னச் சிரிப்பு வந்தது. வலது கையைத் தூக்கினாள்.

"சரி தாயி. போயிட்டு வா."

கை எட்டும் தூரத்தில் லதா நின்றுகொண்டிருந்தாள். அம்மாவின் தூக்கிய கை காலியான ஏணியைப் பார்த்து மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. லதா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஓர் ஆள் அங்கே நிற்பது அம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாது.